ஓட்டு, ஊர், மிரட்டல்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

தேர்தல் மிரட்டல், வாக்காளர் பட்டியல், கிராம சபை பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டோம். மிரட்டியவர்களின் பெயர், கட்சி, தோட்டத்தின் பெயர் எதுவும் இங்கே இல்லை.

எஸ்டேட் லைன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) இருக்கிறோம். "மெஷின்ல கேமரா இருக்கு, யாருக்குக் குத்துனீங்கன்னு ராத்திரியே தெரிஞ்சிடும். நம்ம பூத்துல ஓட்டுக் குறைஞ்சா லைனைக் காலி பண்ண வேண்டியதுதான்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். நிஜமாகவே தெரியுமா?
— பந்தலூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகி

உங்கள் ஓட்டு தெரியாது. உங்கள் பூத்தின் மொத்தக் கணக்கு தெரியும். இந்த இரண்டையும் குழப்பித்தான் அவர் பயமுறுத்துகிறார். அதனால் எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறோம்.

இயந்திரத்தில் கேமரா கிடையாது. பொத்தானை அழுத்தியதும் பக்கத்திலுள்ள வி.வி.பேட் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு 7 விநாடி தெரியும். அதில் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மட்டுமே இருக்கும். உங்கள் பெயரோ எண்ணோ இருக்காது. பிறகு அது அறுந்து பெட்டிக்குள் விழுந்துவிடும். சில பூத்களில் சுவரில் வெப் கேமரா மாட்டியிருப்பார்கள். அது வரிசையையும் அலுவலர்களின் மேசையையும் பார்ப்பதற்கு. அட்டை மறைப்புக்குள் பார்க்கும்படி அதை வைக்கக் கூடாது. அப்படித் திரும்பியிருப்பதாகத் தோன்றினால் ஓட்டுப் போடுவதற்கு முன்பே பூத்தின் தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் ஓட்டுப் போட வந்தீர்களா இல்லையா என்பது பூத்தில் இருக்கும் வேட்பாளர்களின் ஏஜென்டுகளுக்குத் தெரியும். அவர்கள் கையிலுள்ள பட்டியலில் ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஓட்டுப் போட வந்தவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டில் உங்கள் கையெழுத்தோ ரேகையோ இருக்கும். ஆனால் அந்தப் பதிவேட்டுக்கும் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பதற்கும் தொடர்பு கிடையாது.

அடுத்து பூத் கணக்கு. ஓட்டு எண்ணிக்கை இயந்திரம் இயந்திரமாக நடப்பதால் எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை விழுந்தது என்பது படிவம் 20-இல் வெளியாகிவிடும். வாக்குச்சீட்டுக் காலத்தில் தேவைப்பட்ட இடங்களில் பல பூத்களின் சீட்டுகளைக் கலந்துவிட்டு எண்ண விதி இருந்தது. இயந்திரத்திலும் அப்படிச் செய்ய, 14 பூத்களின் எண்ணிக்கையைச் சேர்த்துக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆம் அறிக்கையில் அதை ஆதரித்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இந்தக் குறையின் சுமை முழுவதும் மலையில்தான் விழுகிறது என்பது எங்கள் கருத்து. ஊட்டி டவுனில் ஒரு பூத் என்றால் பல தெருக்களின் கலவை. தோட்டத்தில் ஒரு பூத் என்றால் நாலைந்து லைன். பழங்குடிக் குடியிருப்பில் ஒரே ஊர். அங்கே பூத் கணக்கு கிட்டத்தட்ட ஊர்க் கணக்காகிவிடுகிறது. "உன் ஓட்டுத் தெரியும்" என்பது பொய்யானாலும் "உங்க லைன் ஓட்டுத் தெரியும்" என்பதில் பாதி உண்மை இருப்பதால்தான் இந்த மிரட்டல் எடுபடுகிறது.

அவர் பேசியது குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 171-ஆம் பிரிவின்படி, வாக்காளரையோ அவருக்கு வேண்டியவரையோ எந்த வகைத் தீங்கு சொல்லி மிரட்டினாலும் அது தேர்தலில் முறையற்ற செல்வாக்கு. 174-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தீங்கு என்றால் அடி உதை மட்டுமல்ல. மனம், பெயர், உடைமை எதற்கும் சட்டவிரோதமாகக் கேடு செய்வதும் அதில் சேரும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் நாளில் தினக்கூலிக்காரருக்கும் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. அன்று கூலியைப் பிடித்தால் அதையும் புகாரில் சேருங்கள்.

ஓட்டு நாளுக்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால், எந்தக் குடியிருப்பில் யார் யாரை மிரட்டக்கூடும் என்று கணக்கெடுக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் கட்டளை. சில பூத்களுக்கு ஒருவர் என்று நியமிக்கப்படும் மண்டல அலுவலர் நேரில் வந்து விசாரித்து, பாதிக்கப்படக்கூடிய பகுதியையும் மிரட்டுபவர்களின் பெயர்களையும் குறித்து மேலே அனுப்புவார். உங்கள் லைன் அந்தப் பட்டியலில் ஏறினால் மிரட்டுபவரை போலீஸ் முன்கூட்டியே எச்சரிக்கலாம். நுண் பார்வையாளர், வெப் கேமரா, மத்தியப் படை போன்றவை உங்கள் பூத்துக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. ஜீப் வந்து கடை முன்னால் நின்று "இங்க ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்கும்போது, பக்கத்தில் சூப்பர்வைசரும் நிற்பார், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் மண்டல அலுவலரின் செல்பேசி எண்ணை பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வாங்கித் தனியாகப் பேசுங்கள். தேர்தல் பார்வையாளரின் எண் நாளிதழ்களில் வரும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் ஒருவர் மட்டும் தனியாகத் தெரிய மாட்டார்.

ஓட்டுக்கு முந்தின வாரம் கட்சிக்காரர்கள் வந்து "சரிபார்த்துத் தருகிறோம்" என்று வாக்காளர் அட்டைகளை வாங்கிப் போய்விட்டார்கள். அட்டை இல்லாமல் எப்படிப் போடுவது?
— கூடலூர்

பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆதார், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக், 100 நாள் வேலை அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், படமுள்ள ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை போன்றவற்றில் ஒன்றைக் காட்டினால் விடுவார்கள். ரேஷன் கார்டு செல்லாது. வீட்டுக்குக் கொடுக்கும் வாக்காளர் தகவல் சீட்டும் தனியாகச் செல்லாது.

இதைவிட மோசமான தந்திரம் ஒன்று உண்டு. பணத்தைக் கொடுத்து, முந்தின இரவே விரலில் மை வைத்துவிடுவார்கள். விரலில் ஏற்கெனவே அழியாத மை இருந்தால் ஓட்டுப் போட விடக் கூடாது என்பது விதி. அலுவலர் இரக்கப்பட்டாலும் அவருக்கு வழியில்லை. யாரிடமும் விரலை நீட்டாதீர்கள். பலவந்தமாக வைத்தால் அன்றிரவே 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். விடிந்த பிறகு பூத் வாசலில் நின்று சொல்வது பயன்படாது.

வயதானவர்களைக் கூட்டிப்போகும் ஆட்களே உள்ளே வந்து பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். இளைஞர்களிடம் "போட்டதை போட்டோ எடுத்துக் காட்டு" என்கிறார்கள்.
— கொடைக்கானல் மேல்மலை

துணையாள் விதி மிகக் குறுகியது. பார்வையில்லாதவர், அல்லது உடல் முடியாமையால் சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ முடியாதவர் மட்டும்தான் துணையாளைக் கொண்டுவரலாம். எழுதப் படிக்கத் தெரியாது என்பது காரணமாகாது. சின்னம் இருப்பதே அதற்காகத்தான். துணையாளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவர் அன்று ஒரே ஒரு வாக்காளருக்குத்தான் துணையாக வரலாம். ஓட்டை ரகசியமாக வைப்பேன், இன்று வேறு யாருக்கும் துணையாக வரவில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த விவரம் படிவம் 14ஏ-யில் ஏறும். ஒரே ஆள் மூன்றாவது பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால், உள்ளே இருக்கும் எந்த ஏஜென்டும் "14ஏ-யில் இவர் பேர் இருக்கா, பாருங்க" என்று தலைமை அலுவலரிடம் கேட்கலாம். சத்தம் போடத் தேவையில்லை, அந்த ஒரு கேள்வி போதும்.

போட்டோ விஷயத்தில் உங்களுக்குத் தப்பிக்க வழியை விதியே கொடுத்திருக்கிறது. பூத்துக்குள் செல்பேசிக்கு அனுமதி இல்லை. "வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

எங்கள் ஊரில் மொத்த ஓட்டும் ஒருவருக்கே என்று கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கினார்கள். மீறினால் சாமி குத்தம், ஊரைவிட்டு ஒதுக்கிவிடுவோம், காய் லோடும் ஏற்ற விடமாட்டோம் என்கிறார்கள். தலைவர் பதவியை ஏலம் விடப்போவதாகவும் பேச்சு. ஊர்க் கட்டுப்பாட்டைச் சட்டம் கேட்குமா?
— பழனி மலைக் கிராமம்

கேட்கும். மேலே சொன்ன 171-ஆம் பிரிவிலேயே இதற்குத் தனி வாசகம் இருக்கிறது. வாக்காளரோ அவருக்கு வேண்டியவரோ தெய்வத்தின் கோபத்துக்கோ சமயக் கண்டனத்துக்கோ ஆளாவார் என்று நம்ப வைத்து ஓட்டைத் திருப்ப முயன்றாலும் குற்றம். கற்பூரம் அடித்து வாங்கிய சத்தியம் சட்டப்படி உங்களைக் கட்டாது. வேட்பாளரோ அவருடைய ஏஜென்டோ, அவர்கள் சம்மதத்தோடு வேறு யாரோ இதைச் செய்தால், சட்டமன்றத் தேர்தலில் வெற்றியே செல்லாமல் போகலாம். முடிவு வெளியான 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட வேண்டும்.

ஏலத்துக்கு வழக்கமாகச் சொல்லும் சமாதானம், "காசு கோயிலுக்குத்தானே போகுது, யார் பாக்கெட்டுக்கும் போகலையே." சட்டம் அதைப் பார்ப்பதில்லை. தேர்தல் உரிமை என்பதற்குள் ஓட்டுப் போடுவது மட்டுமல்ல, வேட்பாளராக நிற்பது, நிற்காமல் இருப்பது, விலகுவது எல்லாம் அடங்கும். மற்றவர்கள் நிற்காமல் இருப்பதற்காகக் கொடுக்கும் ஆதாயம் 170-ஆம் பிரிவில் லஞ்சம். அதைப் பெறுபவரும் குற்றவாளிதான். இந்தப் பிரிவுகள் உள்ளாட்சித் தேர்தலுக்கும் பொருந்தும். ஏலம் போனால் வரும் கேடு ஐந்து வருடமும் தொடரும். போட்ட காசை எடுக்க வேண்டும் என்ற நினைப்போடு தலைவர் உட்காருவார். தட்டிக்கேட்க எதிர் வேட்பாளர் என்று ஊரில் ஒருவர்கூட இருக்க மாட்டார். மற்றவர்களின் மனு விலக்கப்படுவதற்கு முன்பே, வேட்புமனு வாங்கும் நாட்களிலேயே மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கு எழுதினால் நிறுத்த முடியும். போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்த பிறகு நீதிமன்றம்தான்.

ஊர்விலக்கத்துக்கு மகாராஷ்டிரத்தில் தனிச் சட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டில் இல்லை. எனவே புகாரில் "ஒதுக்கிவிட்டார்கள்" என்று பொதுவாக எழுதினால் நிற்காது. எந்த வண்டிக்காரர், எந்தத் தேதியில், எத்தனை மூட்டை பூண்டை யார் சொல்லி ஏற்ற மறுத்தார், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை என்று தனித்தனியாக எழுதுங்கள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்து, செய்தவர்கள் அப்படி இல்லாதவர்கள் என்றால் நிலைமை வேறு. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(என்) பிரிவு, வாக்குப்பதிவுக்குப் பிறகு சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதையும் செய்வேன் என்று மிரட்டுவதையும் நேரடியாகவே குற்றமாக்குகிறது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை தண்டனை.

பழங்குடிக்கு ஒதுக்கிய வார்டில் என் தங்கை மனு போட்டாள். வாபஸ் வாங்கச் சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள்.
— கோத்தகிரி

கொடுக்க வேண்டாம். ஒருமுறை வாபஸ் ஏற்கப்பட்டுவிட்டால் அதை ரத்து செய்ய முடியாது. மனு விலக்கத்துக்கான கெடு நேரம் முடிவதற்குள் தேர்தல் அலுவலருக்கு எழுத்தில் ஒரு வரி கொடுத்து வையுங்கள்: "நான் விலகவில்லை. என் பெயரில் வேறு யார் விலகல் படிவம் கொண்டுவந்தாலும் என்னை நேரில் கேட்காமல் ஏற்க வேண்டாம்." அதற்கு ஒப்புகைச் சீலும் வாங்குங்கள். முன்மொழிந்தவரையும் கூடவே கவனித்துக்கொள்ளுங்கள். வேட்பாளர் பணியவில்லை என்றால் அடுத்து அவரைத்தான் மிரட்டுவார்கள். மனு போடுவதையும் முன்மொழிவதையும் தடுப்பது, விலகும்படி மிரட்டுவது எல்லாம் வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(எல்) பிரிவில் வரும். இதில் முதல் தகவல் அறிக்கை போடுவதற்கு முன் ஆரம்பகட்ட விசாரணை வேண்டியதில்லை என்று 18ஏ பிரிவு சொல்கிறது. "விசாரித்துவிட்டுப் போடுகிறோம்" என்று நிலையத்தில் சொன்னால் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

எங்கள் குடியிருப்பில் பல பேருடைய பெயரை நீக்கச் சொல்லி யாரோ படிவம் 7 கொடுத்திருக்கிறார்கள். பலர் திருப்பூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பெயர் போய்விடுமா?
— குந்தா

வேலைக்காகத் தற்காலிகமாக வெளியூர் போவதால் மட்டும் ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று ஆகிவிடாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் அது தெளிவாக இருக்கிறது. வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வருடத்தில் ஒரு மாதம் பங்களாவுக்கு வருபவரின் பெயரைத் தொடாமல், தேயிலை பறிக்கிற குடும்பத்தில் திருப்பூர் போன பையனின் பெயரை மட்டும் அடிக்கச் சொன்னால், இந்த இரண்டு வரியையும் சேர்த்துக் காட்டுங்கள்.

படிவம் 7 கொடுப்பவர் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். அவருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும் படிவத்தில் இருக்கும். வந்த ஆட்சேபங்களின் பட்டியலை வாக்காளர் பதிவு அலுவலர் விளம்பர பலகையில் ஒட்ட வேண்டும். அதைப் படம் எடுங்கள். ஒரே ஆள் பத்து, இருபது வீட்டுக்குக் கொடுத்திருந்தால் அதுவே உங்களுக்குச் சாட்சி. யார் மீது ஆட்சேபம் வந்ததோ அவருக்கு நோட்டீஸ் கொடுத்து, சொல்ல வாய்ப்பளித்த பிறகே நீக்க முடியும். மலையில் இந்த இடத்தில்தான் கோளாறு நடக்கிறது. லைனில் வீட்டுக்கு எண் ஒழுங்காக இருக்காது, நோட்டீஸ் எஸ்டேட் ஆபீசிலேயே கிடக்கும், விசாரணை நாள் கடந்துவிடும், "வரவில்லை" என்று எழுதி நீக்கிவிடுவார்கள். ஆகவே பலகையில் பெயரைப் பார்த்ததுமே, நோட்டீசுக்குக் காத்திருக்காமல், வெளியூரில் இருப்பவரின் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், எழுத்து மூலம் மறுப்பு ஆகியவற்றை வீட்டிலுள்ளவர் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கலாம்.

நீக்கிவிட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அங்கும் தோற்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். பொய்யான உறுதிமொழி கொடுத்தவருக்கு அதே 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. கேட்டு எழுதினால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர் வரும், யாரும் எழுதுவதில்லை.

தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் இல்லாமல் தனி அலுவலர்தான் நிர்வாகம் என்றார்கள். கிராம சபையிலும் கேள்வி கேட்டால் "போலீசைக் கூப்பிடுவேன்" என்கிறார்கள். வந்தவுடன் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு, பிறகு இஷ்டத்துக்குத் தீர்மானம் எழுதிக்கொள்கிறார்கள்.
— குன்னூர் ஒன்றியம்

முதலில் தேர்தல் விஷயம். அரசியல் சாசனத்தின் 243இ பிரிவுப்படி ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டு; அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2006-இல் கிஷன் சிங் தோமர் வழக்கில் இதைக் கட்டாயம் என்றே சொன்னது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் காலம் முடிந்தும் 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. நீலகிரி, திண்டுக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். கெடு தாண்டிய ஒவ்வொரு மாதமும் ஜனநாயகத்துக்கு இழப்பு. யாரும் யாரையும் அடிக்காமலே நடக்கும் இழப்பு என்பதால் கண்ணில் படுவதில்லை. குழாய் வரவில்லை என்றால் வீட்டு வாசலில் போய்க் கேட்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் போகிறார்.

ஆனால் தலைவர் இல்லை என்பதால் கிராம சபை இல்லாமல் போகாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூட வேண்டும். 7 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும்.

இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கையில்தான் உங்கள் கையெழுத்துப் பிரச்சினை தொடங்குகிறது. வருகைக்கு வாங்கும் கையெழுத்தைத் தீர்மானத்துக்கான ஒப்புதலாகக் காட்டிவிடுகிறார்கள். புத்தகத்தைப் பார்க்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். வருகைப் பக்கத்தின் தலைப்பில் "வருகை" என்றும் தேதியும் இருக்கிறதா. இல்லையென்றால் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்களே "வருகை மட்டும்" என்று எழுதுங்கள். வருகைப் பக்கத்துக்கும் முதல் தீர்மானத்துக்கும் நடுவில் வெற்றுப் பக்கம் விட்டிருக்கிறார்களா. கடைசித் தீர்மானத்துக்குக் கீழே "மொத்தம் இத்தனை தீர்மானங்கள்" என்று எழுத்தால் எழுதிக் கோடு போட்டு அலுவலர் கையெழுத்திட்டாரா. கோடு போடாமல் எழுந்து போனால் மறுநாள் அந்த இடத்தில் எதுவும் ஏறும்.

கேள்வியை வாயால் மட்டும் கேட்டால் "கூட்டத்தைக் குலைத்தார்" என்று சொல்ல வசதியாகிவிடுகிறது. கூட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே, "இந்தப் பொருளைக் கூட்டப் பொருளில் சேர்க்கவும்" என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றை ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து மற்றொன்றில் சீல் வாங்குங்கள். அன்று கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வரும் அலுவலரான பற்றாளரிடம் அதைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மான நகலைப் பின்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் மனு வேறு அலுவலகத்துக்கு மாறிப் போய்விட்டாலும் 5 நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

கூடலூர், பந்தலூர் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. ஓவேலி, தேவர்சோலை பேரூராட்சிகள், நெல்லியாளம் நகராட்சி. அங்கெல்லாம் இந்தக் கிராம சபை கிடையாது, பகுதி சபைதான். வன உரிமைச் சட்டத்தின்கீழ் கூடும் கிராம சபை இதிலிருந்து வேறு. அதில் உறுப்பினர்களில் பாதிப்பேராவது வந்திருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வன நிலம் பற்றிய தீர்மானத்தை ஆகஸ்ட் 15 கூட்டத்தில் போகிற போக்கில் நிறைவேற்றியதாகக் காட்டினால் அந்த எண்ணிக்கையைக் கேளுங்கள்.

"அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் மாதம் ஆயிரம் நின்றுவிடும்" என்கிறார்கள்.
— ஊட்டி

நிற்காது. மகளிர் உரிமைத் தொகைக்கு வருமானம், நிலம், மின் பயன்பாடு போன்ற தகுதிகள் உண்டு. ஓட்டு அதில் இல்லை. எந்தக் கட்சிக்காரர் சொன்னாலும் பதில் இதுதான். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம்.

ரோடு வேலை பற்றி மனு கொடுத்ததற்கு போலீசிலிருந்து போன் வருகிறது. "ஸ்டேஷனுக்கு வா, இல்லைன்னா 107 போட்டுடுவோம்" என்கிறார்கள். போக வேண்டுமா?
— கொடைக்கானல்

சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் எழுத்துமூலம் அழைக்க வேண்டும் என்கிறது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) 179-ஆம் பிரிவு. பெண்களையும், 60 வயது கடந்தவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும் அவர்கள் வீட்டில்தான் விசாரிக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவராக அழைத்தால் 35(3) பிரிவில் நோட்டீஸ் வரும். அதை மதித்துப் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் கைதுக்கு வழியாகும். வெறும் போன் அழைப்பு இரண்டிலும் சேராது. "நோட்டீஸ் கொடுங்க சார், வக்கீலோட வர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லி, அழைத்த எண், நேரம், பேசியவரின் பெயர், பதவி ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

பழைய 107 இப்போது அதே சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவு. அது தண்டனை அல்ல. அமைதியைக் காப்பேன் என்று அதிகபட்சம் ஓராண்டுக்கு எழுதி வாங்கும் பத்திரம். போலீஸ் அதைப் போட முடியாது. ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக நடுவர்தான், என்ன தகவல் வந்தது, எவ்வளவு தொகைக்குப் பத்திரம், எத்தனை காலம், எத்தனை ஜாமீன்தாரர் என்று 130-ஆம் பிரிவின்படி எழுதி உத்தரவு தர வேண்டும். நீங்கள் மறுத்தால் விசாரணை நடத்த வேண்டும், 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் நாளே "கையெழுத்துப் போட்டுட்டுப் போ, ஒண்ணுமில்ல" என்பார்கள். அவசரப்படாதீர்கள். அந்தக் கையெழுத்தோடு உங்கள் மனுவும் முடிந்துபோகும்.

மிரட்டியதை போனில் பதிவு செய்திருக்கிறேன். செல்லுமா? புகாரை எப்படி எழுதுவது? நிலையத்தில் வாங்க மறுத்தால்?
— பெயர், ஊர் குறிப்பிடாத கடிதம்

நீங்களும் பேசிய உரையாடலை நீங்கள் பதிவு செய்து சாட்சியமாகக் கொடுக்கலாம். கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். முக்கியமான இடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள், மூலப் பதிவு அழிந்துவிடும், பிறகு போனையும் விற்றுவிடுவார்கள். வெட்ட வேண்டாம், கோப்பின் பெயர்கூட மாற்ற வேண்டாம். பதிவு செய்த போனையே பத்திரமாக வைத்து, ஒரு பிரதியைப் பென் டிரைவில் எடுத்துவையுங்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடான ஹேஷ் மதிப்பை அதில் குறிக்க வேண்டும்.

தேர்தல் விதிமீறலைப் புகார் செய்யும் சி-விஜில் செயலி வேறு வகை. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில்தான் வேலை செய்யும். பழைய படத்தை ஏற்ற முடியாது, செயலிக்குள்ளேயே படமோ 2 நிமிட வீடியோவோ எடுக்க வேண்டும். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது இலக்கு. எடுத்த 5 நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பதால் சிக்னல் இல்லாத பள்ளத்தில் இது கைகொடுக்காது. அங்கே 1950-க்கோ பார்வையாளருக்கோ பேசுவதே வழி. மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்தும் உள்ளாட்சித் தேர்தலுக்கு இந்தச் செயலி கிடையாது.

புகாரில் "என்னை மிரட்டினார்" என்று எழுதுவதோடு நிறுத்தினால் அது குற்றச்சாட்டாகாது. சொன்ன சொல் அப்படியே இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"வெள்ளிக்கிழமை (தேதி) காலை சுமார் 7.15 மணிக்கு, இலை எடை போடும் ஷெட்டுக்கு வெளியே, இன்னார் என்னைப் பார்த்து, 'இந்தத் தடவை மாத்திப் போட்டா உன் வீட்டு கரண்டைப் பிடுங்கிருவேன்' என்று சொன்னார். அப்போது இன்னாரும் இன்னாரும் பக்கத்தில் இருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. அன்று மாலை 6 மணிக்கு (செல்பேசி எண்) எண்ணிலிருந்து என்னை அழைத்து மறுபடியும் அதையே சொன்னார். பதிவு என்னிடம் உள்ளது. இதனால் நானும் என் குடும்பத்தாரும் ஓட்டுப் போடப் போக அஞ்சுகிறோம்."

கடைசி வரியை விடாதீர்கள். மிரட்டலையும் ஓட்டையும் இணைப்பது அதுதான். சொன்னது கெட்ட வார்த்தையாக இருந்தாலும் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

முறையற்ற செல்வாக்கு என்ற குற்றத்தை நீதித்துறை நடுவரின் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. "எங்க கையில இல்ல" என்று நிலையத்தில் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் புகாரை வாங்கிப் பதிவேட்டில் எழுதி உங்களை நடுவரிடம் அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை (பி.என்.எஸ்.எஸ். 174). புகாரை வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தைவிட்டு வராதீர்கள். பலத்த காயம் ஏற்படும்படி அடித்தது, வீடு புகுந்தது, வன்கொடுமைச் சட்டம் போன்றவற்றில் இந்தத் தடை இல்லை. உடனே முதல் தகவல் அறிக்கை போட வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். சம்பவம் வேறு எல்லையில் நடந்தது என்று திருப்பி அனுப்பக் கூடாது. மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் அசையவில்லை என்றால் 175(3) பிரிவில் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். அந்த மனுவோடு கண்காணிப்பாளருக்கு அனுப்பிய நகலும் உறுதிமொழிப் பத்திரமும் கட்டாயம் இருக்க வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. எண் 15100.